ரோமாபுரிச் சாடியும் ஒரு மூட்டைக் கம்பும்

மகனே,

அருப்புக்கோட்டை பஜாரின் பித்தளை அண்டாக்களுக்கும் எவர்சில்வர் குடங்களுக்கும் ஏக சக்கரவர்த்தியும், காரியாபட்டி தொடங்கித் திருச்சுழி வரை எந்த வீட்டு அடுப்படியில் எந்தச் சட்டி ஓட்டை என்று அறிந்த ஞானியும், உன்னைப் பெற்ற ஒரே காரணத்தால் சொல்லொணா அவஸ்தைகளைத் தாங்கியவனுமாகிய நான், கல்லாப்பெட்டியின் மேல் வலது கையை வைத்து உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நான் எழுதப் போவதை எவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்ப மாட்டாய். பரவாயில்லை, உட்கார்ந்து படி.

ஒரு வாரமாக நீ வீட்டுக்குப் போன் மேல் போன் போடுகிறாய். உன் அம்மா எடுத்தால் "அப்பா எழுதுறேன்னுருக்காரு" என்கிறாள். உன் அத்தை எடுத்தால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, நான் அடுப்படியில இருந்தேன்" என்கிறாள். மாரீஸ்வரி உன் போனையே எடுப்பதில்லை என்று கேள்வி. ஜெய்ப்பூர்ப் பட்டறையில் நீ கல்லை விட்டுவிட்டு உன் கட்டைவிரலைச் செதுக்கிக்கொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இது போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. மாரீஸ்வரியின் அப்பா குருசாமி நம் வீட்டைப் பார்க்க வந்த அந்தக் காலையில் என்ன நடந்தது என்று வரிசை மாறாமல் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. மற்ற எல்லாரும் அங்கும் இங்கும் நடமாடினார்கள். நான் ஒருவன்தான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அசைய முடியவில்லை.

பாத்திரங்களோடு உனக்குள்ள உறவு புதிதல்ல. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் ஒரு பெரிய அண்டாவுக்குள் இறங்கித் தூங்கிவிட்டாய். நான் அந்த அண்டாவை மூடியோடு ஒரு திருச்சுழிக்காரருக்கு விற்று, பஸ்ஸின் மேல் ஏற்றியும் விட்டேன். பஸ் ஊர் எல்லை தாண்டும்போது அண்டா "அம்மா" என்று கூப்பிட, டிரைவர் அப்படியே ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டாராம். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீ ஏதாவது ஒரு பாத்திரத்தால்தான் என் மானத்தை வாங்குவாய் என்று. ஆனால் அது ரோமாபுரியிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

நம் வீட்டுப் பின்கொட்டகையில் நீ அந்தச் சாடியைச் செய்த மாதங்களில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோம் நாட்டில் யாரோ ஒரு மகராசன் பளிங்கில் செதுக்கி வைத்தானாம். அதன் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்துக்கொண்டு, பளிங்குத் தூளைக் குழைத்து, அச்சில் ஊற்றி, பிறகு ஒவ்வொரு உருவத்தையும் கையாலேயே தீட்டி எடுத்தாய். சாப்பாட்டுத் தட்டில் வெள்ளைத் தூள், உன் புருவத்தில் வெள்ளைத் தூள், உன் அம்மா வைத்த ரசத்தில்கூட வெள்ளைத் தூள். கடைசியில் என் நெஞ்சுயரம் எழுந்து நின்றது. தாமரைப்பூப் போல வாய் விரிந்து, வயிறு பருத்து, இடுப்பு ஒடுங்கி, கீழே ஒரு கால். சுற்றிவர ஆட்டமும் பாட்டுமாக ஆண்களும் பெண்களும். நான் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் விற்கிறவன். என் வாயில் முதலில் என்ன வரும்? "எத்தன படி கொள்ளும்?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறுத்துகிறது. "இதுல ஒண்ணும் போடக் கூடாதுப்பா. சும்மா பாக்குறதுக்கு மட்டுந்தான். மேல் பாதி வேற, கால் வேற. நடுவுல ஒரு கம்பிதான் பிடிச்சிருக்கு. இதச் செய்யச் சொன்ன ஓட்டல்காரரு லோடு ஏத்த வர்ற வரைக்கும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜெய்ப்பூருக்கு வண்டி ஏறினாய். எதையும் போடக் கூடாத ஒரு பாத்திரம்! என் கடையில் இருக்கும் கரண்டிகள் எல்லாம் அன்று வாய்விட்டுச் சிரித்தன.

இனி குருசாமி. நீயும் மாரீஸ்வரியும் விருதுநகர்க் கல்லூரி பஸ்ஸில் பாலவனத்தத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் பேசி முடித்த காரியத்தை, அந்த மனிதர் இரண்டு வருசமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரிசக்காட்டில் கம்பும் பருத்தியும் போட்டு, மழை வந்தால் மட்டும் சிரிக்கிற குடும்பம். "சாடி செய்யிறதெல்லாம் ஒரு வேலையா?" என்பது அவர் கேள்வி. கடைசியாக மகள் சாப்பிடாமல் கிடந்ததில் இறங்கி வந்து எனக்குப் போன் போட்டார். "வீட்டப் பாக்க வாரோம் அண்ணாச்சி. பய செஞ்சத எங் கண்ணால பாக்கணும். சரியாப் படலேன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுரணும். எம் மகளும் விட்டுருவேன்னு சொல்லிட்டா. சத்தியம் வாங்கியாச்சு." புரிகிறதா? ஒரே ஒரு காலைப் பொழுது. அதற்குப் பிறகு ஒன்று மருமகள், இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க உன் மூஞ்சியை நாங்கள் பார்க்க வேண்டும்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வாங்க" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஒரே கல்லுல செஞ்சது அண்ணாச்சி. யானை ஏறி உக்காந்தாலும் அசையாது." மகனே, கல்யாணம் ஆகப்போகிற நேரத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். மாமனார் வீட்டாரிடம் பெருமை அடிக்காதே. நான் புது மாப்பிள்ளையாக உன் அம்மா வீட்டுக்குப் போன முதல் நாள், முற்றத்து ஆட்டுரலை ஒற்றைக் கையில் தூக்குவேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் "எங்க, தூக்குங்க மாப்ள" என்று சுற்றி நின்றபோது, அன்றைக்கு அமாவாசை என்று சொல்லித் தப்பித்தேன். பௌர்ணமிக்கு மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்கள். அத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. உனக்காவது வரட்டும்.

அவர்கள் வருகிற அன்று சாடியைக் கொட்டகையிலிருந்து நாலு பேர் பிடித்து வாசலை ஒட்டிய பட்டாசாலைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தோம். ஒரு கீறல் இல்லை. நான் பூ வாங்கப் பஜாருக்குப் போய்விட்டுத் திரும்பினால், உன் அத்தை வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாடிக்குப் பக்கத்தில் ஓலைப்பெட்டியோடு நிற்கிறாள்.

"என்னக்கா செஞ்ச?"

"நெறச்சிட்டேன்."

"எத வச்சு?"

"மூட்டையில கெடந்த கம்ப வச்சுத்தான். ஏப்பா தம்பி, ஒனக்குப் புத்தி இருக்கா? நல்ல காரியம் பேச ஆளு வாராக, நடு வீட்டுல இம்மாம் பெரிய பாத்திரத்த வெறும் வாயா வச்சிருக்க? ஊருக்கெல்லாம் சீர்ப் பாத்திரத்துல அரிசி போட்டுத்தான குடுக்குற? ஒம் வீட்டுக்கு மட்டும் வெறுமையா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை. சீருக்குப் போகிற பாத்திரத்தை நான் ஒரு நாளும் காலியாகக் கொடுத்ததில்லை. ஒரு பிடி அரிசியாவது, ஒரு மஞ்சள் கிழங்காவது உள்ளே விழாமல் அது கடைப்படி இறங்காது. "எடுத்துருக்கா, கீழ கொட்டிரு" என்றேன். "நெறச்சதக் கவுக்கவா? சம்பந்தம் பேசுற அன்னைக்கா? நீயே கவுத்துக்க, எங் கையால மாட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நிமிசம் வாசலில் வேன் வந்து நின்றது. அதே நிமிசம் சாடியின் இடுப்பில் "டிக்" என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் காரியாபட்டிச் சந்தையில் மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. குமாரலிங்கபுரத்தில் கிணறுகள் ஒரு முழம் வற்றின. ஆனால் நம் பட்டாசாலையில் என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. காலும் வயிறும் சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை விரிசல். அதிலிருந்து வெள்ளைத் தூள் பவுடர் போல உதிர்ந்தது. பிறகு சாடி மெதுவாக, மிக மெதுவாக, வாசலைப் பார்த்துத் தலை சாய்த்தது. வருகிறவர்களைக் கும்பிடுகிற மாதிரி. நான் பூவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கட்டிப்பிடித்தேன். இடது கை வயிற்றைச் சுற்றி, வலது கை விளிம்புக்குக் கீழே, என் கன்னம் ஒரு ரோமாபுரி ஆட்டக்காரியின் தொடையில். அந்தக் கோலத்தில்தான் உன் வருங்கால மாமனாரை முதன்முதலாக வரவேற்றேன்.

குருசாமி பனைமரத்தில் பாதி உயரம். மீசை இரண்டு பக்கமும் வாசல் நிலையில் இடித்ததால் மனிதர் பக்கவாட்டில் நுழைந்தார். பின்னால் அவர் மனைவி, வாய் ஓயாத மச்சினன், சொந்தக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய. வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த நாற்காலிகளைக் கண்ணால் காட்டினேன்.

"வாங்க, வாங்க, உக்காருங்க."

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும், நான் நிக்கேன்."

"வீட்டுக்காரரு நிக்க, வந்தவுக உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்று அவரும் நின்றார். அவர் நின்றதால் மச்சினன் நின்றார். மச்சினன் நின்றதால் பெண்கள் நின்றார்கள். உன் அம்மா கலர் பாட்டில்களோடு வந்து, இத்தனை காலி நாற்காலிகளையும் இத்தனை நிற்கிற மனிதர்களையும் பார்த்துத் தானும் நின்றாள். முடிவாகாமல் அவர்கள் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது தெரிந்த விசயம். அடுப்படியில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. என் தோளில் ஒரு மூட்டைக் கம்பின் பாரம் ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், இவரு சாடிய இப்புடிப் புடிச்சிருக்காரு? விட்டா ஓடிப் போயிருமோ?" என்றார் மச்சினன்.

"பய செஞ்சது. விட்டு நிக்க மனசு வரல" என்றேன். மூச்சு முட்டியதால் அது தழுதழுத்த மாதிரி கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அந்தம்மாள் நெருங்கி வந்து உருவங்களைப் பார்க்க ஆரம்பித்தார். "ஆத்தி, இது கரகாட்டம்ல? இங்க பாரு, நாயனக்காரரு ரெண்டு குழல ஒரே வாயில வச்சு ஊதுறாரு!" அதோடு எல்லாரும் சாடியைச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் முந்தானை உரசும்போதும் எனக்கு உயிர் ஒரு தடவை போய்விட்டு வந்தது. குருசாமியும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"இந்தப் பெரியவருக்கு என்ன? சாயிறாரு, ஒரு ஆளு தாங்கிப் புடிக்கான்?"

உனக்குத் தெரியும் அவர் யாரென்று. ரோமாபுரியின் மகா குடிகாரர். உனக்குத் தெரியாதது, குருசாமியின் கூடப்பிறந்த தம்பி குடித்தே போனவர் என்பது. அந்தப் பழக்கம் எட்டிப் பார்த்த வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அந்த வீட்டில் ஒரு முடிவு.

"வெயிலு அண்ணாச்சி. ரோமாபுரி வெயிலு நம்ம ஊரு வெயிலுக்கு அண்ணன். மயங்கிட்டாரு."

"கீழ கிண்ணம் விழுந்து கெடக்கு?"

"மோரு."

"மோரா?"

"மோருதான்."

"மோரு குடிச்சவன் மூஞ்சி இப்புடிச் சிரிக்காதே மச்சான்" என்றார் மச்சினன். ஒருவரும் சிரிக்கவில்லை. குருசாமி நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். "அண்ணாச்சி, வெளிப்படையாச் சொல்லுங்க."

மகனே, நான் நிறைய அளந்திருக்கிறேன். ஆனால் கையை ஆட்டாமல் எனக்கு ஒரு பொய்யும் வராது. என் கைகள் இரண்டும் சாடியில் மாட்டியிருந்தன. அதனால் வேறு வழியில்லாமல் சொன்னேன்: "குடிச்சவருதான். அசல்ல அப்புடித்தான் இருக்காரு. பய அப்புடியே செஞ்சிருக்கான். நானும் அப்பவே சொன்னேன், கொஞ்சம் நிமித்தி வையிடா, பாக்க மரியாதையா இருக்கும்னு. மாட்டேன்னுட்டான். இருக்குறத மாத்த அவனுக்கு வராது. குடிக்க மாட்டான். குடிச்சான்னா, அதையும் ஒளிக்க அவனுக்குத் தெரியாது."

குருசாமி சாடியின் வயிற்றை ஒரு தரம் தடவினார். "ஒரே கல்லுன்னீங்களே போன்ல" என்று விரலை மடக்கித் தட்டப் போனார்.

"தட்டாதீக!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கை அந்தரத்தில் நின்றது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், அவருடைய பாதத்தின் மேல் ஏதோ ஒன்று சொட்டியது. பிறகு இன்னொன்று. கம்பி செருகிய துவாரத்தின் அடைப்பு விட்டு, மணி மணியாகக் கம்பு. அவர் குனிந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கம்பை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பார்வை மணியிலிருந்து மயிரிழைக்கு ஏறியது, மயிரிழையிலிருந்து சாடிக்கு முட்டுக் கொடுத்திருந்த என் முழங்காலுக்கு, அங்கிருந்து என் முகத்துக்கு. முடிந்தது என்று நினைத்தேன். சம்பந்தம் பேசுகிற வீட்டில், பெண்ணைப் பெற்றவன் கண்ணெதிரே, மாப்பிள்ளை செய்த பாத்திரம் உடைந்தால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? உன் முகம் என் கண்முன் வந்தது. அதிலும் வெள்ளைத் தூள்தான்.

குருசாமி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சாடிக்கு அந்தப் பக்கமாகப் போனார். என்னைப் போலவே கட்டிப்பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு, மனிதர் வேலைப்பாட்டில் மயங்கிவிட்டார் என்றுதான் தோன்றியிருக்கும். விளிம்புக்கு மேல் எங்கள் இரண்டு முகமும் ஒரு சாண் இடைவெளியில். மீசை முடி என் மூக்கில் குத்தியது. உதடு அசையாமல் கேட்டார்:

"எம்புட்டு நேரமா?"

"நீங்க வேன விட்டு எறங்குனதுல இருந்து."

"விட்டா?"

"போயிரும்."

"பய சொல்லலையா?"

"ஒண்ணும் போடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

"பெறகு ஏன் போட்டீக?"

"வெறும் பாத்திரத்த வச்சு ஒங்கள வாங்கன்னு சொல்லவா அண்ணாச்சி?"

"எங்க வீட்டுலயும் அதத்தான் செஞ்சிருப்பாளுக" என்றார். சாடி ஒரு நூல் அளவு என் பக்கம் சரிந்தது. இருவரும் சேர்ந்து நிமிர்த்தினோம். மறுபடி கேட்டார்: "இந்த வேல நாளைக்குப் படுத்துருச்சுன்னு வைங்க. எம் மக என்ன செய்வா?"

கடை இருக்கிறது, நான் இருக்கிறேன், அருப்புக்கோட்டையே இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. கை வரவில்லை. "தெரியல அண்ணாச்சி" என்றேன்.

"இதையாவது நெசமாச் சொன்னீகளே" என்றார். பிறகு முகத்தைத் திருப்பி, பாலவனத்தம் வரை கேட்கிற குரலில் கத்தினார்: "ஏ, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கீக? நம்ம சம்பந்தி வீட்டுக் கம்பு இது! வெதைக்கு நெறச்சு வச்சிருக்காக. ஆளாளுக்கு மடியில வாங்கிக்கங்க. இந்த வருசம் நம்ம காட்டுல இதத்தான் போடணும்!"

காலையிலிருந்து அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்த வாயில் சம்பந்தி என்று வந்ததை உன் அம்மா கவனித்துவிட்டாள். கலர் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் முந்தி விரித்து வரிசையாக வந்தார்கள். உன் அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, தானே நிறைத்த கம்பைத் தானே படியால் மொண்டு மொண்டு போட்டாள். நிறைந்த பாத்திரம் கவிழவும் இல்லை, வெறுமையாகவும் போகவில்லை. மடி மடியாக அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது நானும் சம்பந்தியும் சாடியை மெல்லச் சாய்த்து, உன் கட்டிலிலிருந்து இழுத்துப் போட்ட மெத்தையில், பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்க வைப்பது போலப் படுக்க வைத்தோம். அதன் பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கை நனைத்தார்கள். மச்சினன் பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கியதில் அண்டா காய்ந்தது.

தை மாதம் நாள் பார்த்திருக்கிறது. ஓட்டல்காரரிடம் நீ வந்து காலைச் சரி செய்த பிறகுதான் லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உடைந்தது கால் மட்டும்தான். ஆட்டக்காரிகளும் குடிகாரரும் சௌக்கியமாகப் படுத்திருக்கிறார்கள். என் கடிதம் போய்ச் சேரும்வரை உன் போனை எடுக்க வேண்டாம் என்று மாரீஸ்வரியைக் கேட்டுக்கொண்டவன் நான்தான். நீ விடாமல் போன் அடித்தும் அந்தப் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. நீ அதிர்ஷ்டக்காரன். கொஞ்சம் பயந்தும் நடந்துகொள். கல்யாணத்துக்குப் பிறகு ஏதாவது ஒன்று உங்கள் நடுவில் சாயும். எங்களுக்கும் சாய்ந்திருக்கிறது. அப்போது யார் நிறைத்தது, யார் போடாதே என்று சொன்னது என்று விசாரணை வைக்காதே. முதலில் பிடி.

இனி நீ கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள். கல்யாணம் நிச்சயம், சாடிக்குக் காலில் காயம், இந்த இரண்டுக்கும் நான் பொறுப்பு. மாடு மிரண்டதையும், கிணறு வற்றியதையும், பனைமரத்தையும், மீசை நிலையில் இடித்ததையும், இடையிலே நான் பேசியதாக எழுதியிருக்கும் நல்ல வசனங்களில் பாதியையும் எடுத்துவிடு. ஒரு சின்னத் துண்டை மட்டும் விட்டுவை, அது அப்படியே நடந்தது. சாடிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில், என் விரல்களும் குருசாமியின் விரல்களும் கோத்திருந்தன. அதில் ஒரு கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என் கைதான் என்று வெகுநேரம் நினைத்திருந்தேன். இல்லை, அவருடையது.